பாட்டே இல்லாத படம் எடுத்த வீணை வித்வான்

கேள்வி: பழைய தமிழ்ப் படம் என்றாலே புராணம், அழுகை, பத்துப் பதினைந்து பாட்டு. அவ்வளவுதானே? வெளிநாட்டுக்காரர்கள் அப்போதே துப்பறியும் கதை, விண்வெளிக் கதை என்று வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார்களே!
(வடபழனி வாசகர் ஒருவர்)

பதில்: வடபழனியில் குடியிருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே, அதுதான் வேடிக்கை. பாட்டு, நடனம் எதுவுமே இல்லாத 'அந்த நாள்' படத்தை 1954-லேயே தயாரித்தது உங்கள் பேட்டை ஏவி.எம்.தான். 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்டதே, அந்தச் சமயத்துக் கதை. படம் ஆரம்பிக்கும்போதே சிவாஜி சுடப்பட்டுச் செத்துப்போகிறார். மனைவி, தம்பி, தம்பி மனைவி, காதலி, அண்டை வீட்டுக்காரர் என்று ஐந்து பேர் மேல் சந்தேகம். ஒவ்வொருவராகப் பேசப் பேச, செத்தவரின் யோக்கியதை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. இன்றைக்கு எந்தப் பெரிய ஹீரோ இப்படி ஒரு வேஷத்துக்கு ஒப்புக்கொள்வார், சொல்லுங்கள்?

இயக்கியவர் எஸ். பாலசந்தர். கே. பாலசந்தர் இல்லை, அவசரப்பட்டு 'எதிர்நீச்சல்' என்று ஆரம்பித்துவிடாதீர்கள். இவர் வீணை வித்வான். சங்கீதம் தெரிந்தவர் பாட்டே வேண்டாம் என்றார், தெரியாதவர்கள் ரீலுக்கு ஒன்று வைத்தார்கள்! அப்புறம் 1964-ல் 'பொம்மை'. ஒருவரைத் தீர்த்துக்கட்டப் பொம்மைக்குள் வெடிகுண்டு வைக்கிறார்கள். அது கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போகிறது. (இதில் பாட்டு உண்டு. 'நீயும் பொம்மை நானும் பொம்மை' ஜேசுதாஸ் பாடியது.) 1970-ல் 'நடு இரவில்': ஒதுக்குப்புறமான பங்களா, சொத்துக்காக வந்து கூடிய சொந்தங்கள், ஒவ்வொருவராகக் காலி. பிறகு மனிதர் சினிமாவை விட்டு வீணையோடு இருந்துவிட்டார். நஷ்டம் நமக்குத்தான்.

விண்வெளியா? 1963-ல் 'கலை அரசி'. வேற்றுக் கிரகத்துக்காரர்கள் வந்து பானுமதியைத் தூக்கிப்போகிறார்கள். எதற்கு? அவர்கள் ஊருக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுக்க! மீட்டுவர எம்.ஜி.ஆர். போகிறார். மனிதன் நிலாவில் கால் வைக்க இன்னும் ஆறு வருஷம் இருந்தது. பிரமாதமான படம் என்று சொல்லமாட்டேன், நடுவில் கொட்டாவி வரும். ஆனால் துணிச்சல் இருக்கிறதே, அதற்குக் குறைச்சலில்லை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் இன்னும் முன்னாலேயே, 1952-ல், அமெரிக்கர்களோடு சேர்ந்து 'காடு' என்று ஒரு படத்தில் உடம்பெல்லாம் ரோமம் அடர்ந்த ஆதிகால யானைகளையே இறக்கிவிட்டது.

டி.வி.யில் ஞாயிற்றுக்கிழமை மதியம் திரும்பத் திரும்பப் போடுகிற நாலு படங்களை வைத்துக்கொண்டு மொத்தக் காலத்துக்கும் தீர்ப்பு எழுதினால் எப்படி? முதலில் 'அந்த நாள்' பாருங்கள். சுட்டது யார் என்று பாதிப் படத்துக்குள் கண்டுபிடித்துவிட்டால் எழுதுங்கள், உங்கள் அடுத்த வருஷச் சந்தாவை நான் கட்டுகிறேன். முன்னாலேயே யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டால் சந்தா கிடையாது.