பட்டறைக் கேள்வி பதில்

கேள்வி: ஏற்காட்டில் விடுதி நடத்துகிறேன். விருந்தினர்களுக்காகச் சுருட்டு நுனி வெட்டும் கைக்கருவியைச் சேலத்தில் செய்யப்போகிறேன். பாத்திரத் தகடு போதுமா?

பதில்: போதாது, ஐயா. பாத்திரத்துக்கான 304 ரக எவர்சில்வர் துருவைத் தாங்கும்; ஆனால் சூடேற்றித் தோய்த்தாலும் கடினமாகாது, கூர் நிற்காது. 420 ரகம் கேட்டு வாங்கிப் பதம் ஏற்றுங்கள்.

ஒற்றை வெட்டும் அலகு வேண்டவே வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால் மறுபக்கம் நசுங்கி, மேலிலை (சுருட்டின் மேல் சுற்றிய இலை) கிழியும். பாவம், பக்குவமாகச் சுற்றிய கையின் உழைப்பெல்லாம் வீண். இரண்டு அலகுகள் எதிரெதிரே வந்து, ஒட்டினாற்போல் ஒன்றையொன்று கடக்கட்டும். இடையில் தாள் நுழைந்தால்கூட இலை மடங்கிச் சிக்கும்.

சுருட்டின் தடிமனை அங்குலத்தில் 64-இல் ஒரு பங்காகக் கணக்கிடுவார்கள். 60 என்றால் 23.8 மி.மீ. ஆகவே சுருட்டை நுழைக்கும் துளை 25 மி.மீ. இருக்கட்டும். பின்னால் 2 மி.மீ. ஆழத்தில் தடுப்புத் தகடு வையுங்கள்; அதற்குமேல் வெட்டினால் மேலிலை பிரியக்கூடும்.