போத்தல் நிறைந்தபடியே திரும்பி வருகிறது

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு, எனது மகனுக்கு எட்டு வயது. மூன்றாம் தரத்தில் படிக்கிறார். புலன் உணர்வுகளைக் கையாள்வதில் அவருக்குச் சிரமம் இருப்பதாக வைத்தியர் கூறியுள்ளார். சட்டையின் கழுத்துப்பட்டி உரசினால் அழுவார். மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொள்வார். காலை ஏழு மணிக்கு வீட்டிலிருந்து புறப்படுபவர், பிற்பகல் ஒன்றரை மணியளவில் திரும்பும்வரை ஒரு மிடறு தண்ணீரும் குடிப்பதில்லை. கொடுத்தனுப்பும் போத்தல் நிறைந்தபடியே வருகிறது. இந்தத் தவணையில் மட்டும் மூன்று போத்தல்கள் மாற்றிவிட்டேன். வீட்டில் சில்வர் பேணியில் கொடுத்தால் குடிக்கிறார். இப்போது தலையிடி என்கிறார், மலச்சிக்கலும் இருக்கிறது. பிடிவாதம் என்று மாமியார் சொல்கிறார். அடித்தாவது பழக்க வேண்டும் என்கிறார் கணவர். நான் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதலில் மாமியாரிடமும் கணவரிடமும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இது பிடிவாதம் அல்ல. அடித்துப் பழக்கினால் தண்ணீரோடு பயமும் சேர்ந்துகொள்ளும். பிறகு வீட்டுப் பேணியையும் அவர் ஒதுக்கக்கூடும். பார்த்தல், கேட்டல், மணத்தல், சுவைத்தல், தொடுதல் என்ற ஐந்தோடு, உடலின் உள்ளிருந்து வரும் செய்திகளை அறியும் புலன் ஒன்றும் நமக்கு உண்டு. தாகம், பசி, சிறுநீர் முட்டுதல் ஆகியவற்றை நாம் அதனாலேயே அறிகிறோம். உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகள் பலரில் வெளிப்புலன்கள் மிகக் கூர்மையாகவும் இந்த உள்புலன் மங்கலாகவும் இருக்கும். தாகம் எடுப்பது தெரியாத பிள்ளையிடம் "தாகம் எடுத்தால் குடி" என்று சொல்லி அனுப்புவதில் பயனில்லை.

எவ்வளவு குடிக்க வேண்டும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். 4 முதல் 8 வயது வரையான பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 1.6 லீற்றர் நீர் போதுமானது என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2010 இல் பரிந்துரைத்தது. உணவில் உள்ள நீரும் இதில் அடங்கும். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உணவிலிருந்தே கிடைத்துவிடும். ஆனால் அது மிதமான வெப்பநிலைக்குச் சொல்லப்பட்ட அளவு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நமது பிள்ளைகளுக்கு அதைவிடக் கூடுதலாகவே தேவைப்படும். பாடசாலை நேரத்தில் 400 முதல் 500 மில்லிலீற்றர் வரை குடித்தால் நல்லது. ஆயினும் உங்கள் மகனுக்கு இன்றைய இலக்கு அதுவல்ல. ஒரு மிடறுதான் இலக்கு.

இனிப் போத்தலைப் பார்ப்போம். மகன் உறங்கிய பின் அதன் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் இறப்பர் வாஷரை ஊசி முனையால் நெம்பி வெளியே எடுத்துப் பாருங்கள். அதன் அடியில் கரும்புள்ளிகளாகப் பூஞ்சணம் பிடித்திருப்பதைப் பல வீடுகளில் நான் கண்டிருக்கிறேன். நமது மூக்குக்கு எட்டாத அந்த வாடை, மூடியைத் திறந்ததும் அவருடைய முகத்தில் வந்து அறையும். புதிய போத்தலாயின் பிளாஸ்ரிக் மணமே போதும். வாஷரைத் தனியாகத் தேய்த்துக் கழுவுங்கள். போத்தலில் வெந்நீரும் ஒரு கரண்டி அப்பச்சோடாவும் விட்டு இரவு முழுவதும் வைத்து, காலையில் நன்றாக அலசி, மூடாமல் வெயிலில் காயவிடுங்கள். தண்ணீரையும் கவனியுங்கள். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நமது ஊர்களில் கிணற்றுக்குக் கிணறு சுவை மாறும். குழாய்த் தண்ணீரில் குளோரின் மணக்கும். வீட்டில் அவர் குடிக்கும் அதே தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் கொடுத்தனுப்புங்கள். கொதிக்கும்போது குளோரின் மணமும் போய்விடும்.

ஆனால் உங்கள் கடிதத்திலேயே விடையின் பாதி இருக்கிறது. வீட்டில் பேணியில் குடிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்தப் பேணியையே பாடசாலைக்குக் கொடுத்தனுப்புங்கள். உதட்டில் படும் அதன் விளிம்பும் குளிர்ச்சியும் அவருக்குப் பழக்கமானவை. போத்தலை அண்ணாந்து பிடித்தால் தண்ணீர் எந்த வேகத்தில் வந்து விழும் என்பது அவருக்குத் தெரியாது. சட்டை நனைந்துவிட்டால் அந்த ஈரம் காயும்வரை அவரால் எதிலும் கவனம் செலுத்த முடியாது. போத்தல் தண்ணீரைப் பேணியில் அரைவாசிக்கு ஊற்றிக் குடிக்கட்டும். மாற்றுச் சட்டை ஒன்றும் பையில் இருக்கட்டும். போத்தலை மாற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள். அழகான படம் போட்ட போத்தல் என்றால் விரும்புவார் என்று எண்ணித்தான் மாற்றியிருப்பீர்கள். அவருக்கோ ஒவ்வொரு முறையும் எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது. முதல் வாரம் பேணி மேசையில் இருந்தாலே போதும். அடுத்து உதட்டில் வைத்தால் போதும். அதன் பின்னரே ஒரு மிடறு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

அடுத்ததாகச் சொல்லப்போவதையே நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன். தண்ணீர் குடிக்காத பிள்ளையிடம் மலசலகூடத்தைப் பற்றிக் கேளுங்கள். விசேட கல்வி அலகொன்றில் நான் கற்பித்த காலத்தில், நாள் முழுவதும் வாயைத் திறக்க மறுத்த ஒரு சிறுமிக்காகக் கோப்பை, தண்ணீர், குடிக்கும் நேரம் என எல்லாவற்றையும் இரண்டு மாதங்கள் மாற்றிப் பார்த்தோம். ஒருநாள் அவளது கையைப் பிடித்துக்கொண்டு மலசலகூட வாசல் வரை நானே சென்றேன். தகரக் கதவு சுவரில் மோதும் ஓசை, வாளிக்குள் குழாய்த் தண்ணீர் விழும் இரைச்சல், ஈரத் தரை, மூக்கைத் துளைக்கும் நாற்றம் ஆகிய நான்கும் ஒன்றாக வந்தபோது அவளது கை என் கைக்குள் விறைத்துப்போனது. குடித்தால் அங்கே போக வேண்டிவரும் என்பதை அந்தப் பிள்ளை அறிந்திருந்தாள், அதனால் குடிக்கவில்லை. அதை இரண்டு மாதங்களுக்கு முன்பே பார்க்காமல் விட்டது இன்றும் எனக்கு வருத்தம். வகுப்பு நடக்கும் நேரத்தில், கூட்டமில்லாதபோது, வாளியை முன்னரே நிரப்பி வைத்து, செருப்போடு அவளை அனுப்பத் தொடங்கிய பிறகுதான் அவள் குடித்தாள்.

எனவே வகுப்பாசிரியரிடம் அனுமதி பெற்று, மகனுடன் அங்கே ஒருமுறை சென்று பாருங்கள். வீட்டில் கொமோட்டுக்குப் பழகியவர் என்றால், நிலத்தோடு பதித்த கோப்பையில் குந்தும்போது விழுந்துவிடுவேன் என்று அஞ்சக்கூடும். விடுமுறை நாட்களில் உறவினர் வீட்டில் அதைப் பழக்கலாம். நாற்றமும் அசுத்தமும்தான் தடை என்றால் அதிபரிடம் எழுத்தில் கொடுங்கள். உங்கள் பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் தெரிவிக்கலாம்.

குடிக்கும் நேரத்தைத் தாகத்திடம் விடாமல் மணியிடம் ஒப்படைத்துவிடுங்கள். ஒவ்வொரு பாடம் முடிந்து மணி அடிக்கும்போதும் இரண்டு மிடறு என்பது வழக்கமாகட்டும். பேணியின் படம் வரைந்த சிறிய அட்டையொன்றை மேசையில் ஒட்டி, மணி அடித்ததும் ஆசிரியர் அதைத் தொட்டுக் காட்டினால் போதும். எல்லோர் முன்னிலையிலும் "குடித்தாயா?" என்று கேட்க வேண்டாம்.

குடிக்கப் பழகும்வரை உணவிலும் நீர் போகட்டும். காலையில் புறப்படுமுன் கஞ்சி, வீடு திரும்பியதும் இளநீர், இடைவேளைப் பெட்டியில் வெள்ளரித் துண்டுகளோ வத்தகப்பழமோ வைக்கலாம். பழம் வழவழப்பாக இருப்பது பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள், வற்புறுத்த வேண்டாம். பாலையும் பழச்சாற்றையும் பையில் வைக்காதீர்கள். நமது வெக்கையில் இடைவேளைக்குள் பழுதாகிவிடும். இனிப்புச் சோடா கூடாது.

தலையிடியும் மலச்சிக்கலும் இருப்பதால் இந்த மாதமே குழந்தை நல வைத்தியரிடம் காட்டுங்கள். குடலில் இறுகிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்தும். அதனால் சிறுநீர் அடக்க முடியாமலும் போகலாம், தொற்றும் ஏற்படலாம். சிறுநீர் வைக்கோல் நிறத்தில் வெளிறியிருப்பது நல்லது. கடும் மஞ்சளாகத் தொடர்ந்தால் நீர் போதவில்லை என்று பொருள். சிறுநீர் கழிக்கையில் எரிவு, காய்ச்சல், வாந்தி, சோர்ந்து படுத்தல், எட்டு மணித்தியாலத்துக்கு மேல் சிறுநீர் போகாதிருத்தல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவரிடம் அனுப்பிவைக்குமாறும் வைத்தியரிடம் கேளுங்கள்; வாய், உதடு, தொடுகை தொடர்பான பயிற்சிகளை அவர்களே முறையாக அறிந்தவர்கள்.

கேள்வி: என் வகுப்பிலும் இத்தகைய மாணவி ஒருவர் இருக்கிறார். அவருக்கு மட்டும் பாடத்தின் நடுவே குடிக்க அனுமதித்தால் மற்றப் பிள்ளைகளும் கேட்பார்களே?
– ஓர் ஆசிரியை, திருக்கோவில்

பதில்: கேட்கட்டும் ஆசிரியை, எல்லோருக்கும் கொடுங்கள். நமது வெயிலில் முப்பது பிள்ளைகளும் மணி அடிக்கும்போது இரண்டு மிடறு குடிப்பதற்கு ஒரு நிமிடம்தான் செல்லும். அந்த மாணவியும் தனித்துத் தெரியமாட்டார். அவரைச் சன்னலோரமாக, குடிநீர்க் குழாயடியின் சத்தம் எட்டாத இடத்தில் அமர்த்துங்கள். அவருடைய கோப்பையை வேறு பிள்ளைகள் தொடாதபடி உங்கள் மேசையிலேயே வைத்திருங்கள். வேற்றுக் கை பட்டதென்று தெரிந்தால் அன்று முழுவதும் அதில் குடிக்க மறுக்கும் பிள்ளைகளும் உண்டு. ஆசிரியர்களுக்கான மலசலகூடத்தை அவர் பயன்படுத்த இணங்குமாறு அதிபரிடம் நீங்களே பேசுங்கள். பெற்றோர் கேட்பதைவிட வகுப்பாசிரியர் கேட்டால் அது விரைவில் நடக்கும்.