பழைய கோவிலும் நடப்புப் பங்கும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் கத்தோலிக்கப் பங்கு ஆலயம் கட்டப்பட்டு நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. அடுத்த ஆண்டுத் திருவிழாவை ஒட்டிப் பாரம்பரிய விழா ஒன்று நடத்தலாம் என்று பங்குப் பேரவையில் பேச்சு எழுந்திருக்கிறது. பழைய பூசை உடைகள், கதிர்பாத்திரம் (நற்கருணையை வைத்துக் காட்டும் கலம்), திருமுழுக்குப் பதிவேடுகள் ஆகியவற்றைக் கண்காட்சியாக வைப்பது, வெளியூர்க்காரர்களுக்கு ஆலயத்தைச் சுற்றிக்காட்டுவது, மலர் ஒன்று வெளியிடுவது என்பவை திட்டத்தில் உள்ளன. கூட்டத்தில் ஒருமித்த கருத்து வரவில்லை. ஞாயிறு திருப்பலிக்கு இடம் போதவில்லை, இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டலாம் என்கிறார்கள் சிலர். அந்தப் பணத்தை ஏழை மாணவர்களுக்குக் கொடுக்கலாம் என்கிறார்கள் வேறு சிலர். ஐரோப்பாவில் ஆலயங்கள் காட்சிக்கூடங்களாகிவிட்டன என்று கேள்விப்படுகிறோம். செபிக்கிற இடத்தைப் பார்க்கிற இடமாக மாற்றும் முதல் படியில் நாங்களும் கால் வைக்கிறோமோ என்ற அச்சம் எனக்கே இருக்கிறது. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். விழாவில் நீங்கள் சிறப்புரை ஆற்ற வேண்டும் என்ற விருப்பமும் எங்களுக்கு உண்டு.

(எழுதியவர் கேட்டுக்கொண்டபடி பெயரும் ஊரும் நீக்கப்பட்டுள்ளன.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அச்சத்திலிருந்தே தொடங்குகிறேன். பிரான்சில் 1905-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அதையொட்டி வந்த சட்டங்களையும் தொடர்ந்து, அதற்கு முன் கட்டப்பட்ட பங்கு ஆலயங்களில் மிகப் பெரும்பாலானவை ஊராட்சிகளின் உடைமையாகிவிட்டன. வழிபடும் உரிமை மக்களிடம் இருக்கிறது, கூரையைப் பழுதுபார்க்கும் பொறுப்பு ஊராட்சியிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வருவோர் குறைந்துகொண்டே போனபோதும் கட்டடம் நின்றது. நின்ற கட்டடத்தைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். அங்கே முதலில் நின்றுபோனது செபம், பார்வையாளர்கள் வந்தது அதற்குப் பிறகு. நம் ஊரில் நிலைமை வேறு. கோவில் வரியும் காணிக்கையும் மண்டகப்படியும் நின்றுபோனால் ஓரிரு மழைக்காலத்தில் கூரை ஒழுகத் தொடங்கும். பங்கு மக்களின் புழக்கத்தில் இருக்கும் வரை ஒரு கோவிலை எந்தக் கண்காட்சியாலும் காட்சிக்கூடமாக்க முடியாது. ஆகவே விழாவை நடத்துங்கள் என்பதே என் பதில். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் திட்டத்தில் பொருள்கள் நிறைய இருக்கின்றன, அவற்றைக் கையாண்ட மனிதர்களைக் காணோம் என்பதுதான் என் குறை.

தூத்துக்குடி பனிமய மாதா ஆலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றுள்ள கோவில் 1713-இல் அர்ச்சிக்கப்பட்டது. அதன் தங்கத்தேர் முதன்முதலாக 1806-இல் ஓடியது. அது ஆண்டுதோறும் ஓடும் தேர் அன்று. ஏதேனும் ஒரு சிறப்பை முன்னிட்டே இழுக்கப்படும். கோவிலின் 300-ஆவது ஆண்டான 2013-இல் அப்படித்தான் இழுக்கப்பட்டது. தேர் ஓடாத ஆண்டுகளிலும் ஜூலை 26 கொடியேற்றம் முதல் ஆகஸ்ட் 5 வரை திருவிழா குறைவின்றி நடக்கிறது. தேரை எப்படிப் பூட்டுவது, சுரூபத்தை (மாதா சிலையை) யார் எப்படி இறக்கி ஏற்றுவது என்ற அறிவு இரு தேரோட்டங்களுக்கு நடுவே ஆட்களிடம்தான் தங்கியிருக்கிறது. தேரைக் கண்ணாடிக்குள் வைத்துக் காத்துவிடலாம். அந்த அறிவைக் காக்க ஒரே வழி அதைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான். உங்கள் பங்கிலும் அப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள். சப்பரம் கட்டுபவர், பீடத் துணிகளைக் கஞ்சி போட்டு மடிப்பவர், அசனத்துக்கு (திருவிழாப் பொது விருந்துக்கு) எத்தனை படி அரிசி என்று தாளைப் பார்க்காமல் சொல்பவர், மூவேளைச் செபத்துக்கு மும்மூன்றாக மூன்று முறை அடித்து நிறுத்தவும் சாவு மணியை இடைவெளி விட்டு ஒற்றையாக அடிக்கவும் தெரிந்தவர். (இந்தக் கடைசி ஆளின் வேலையை இப்போது பல கோவில்களில் ஒலிபெருக்கி எடுத்துக்கொண்டுவிட்டது. வசதிதான், ஆனால் ஊரில் ஒருவர் இறந்துவிட்டார் என்பதை அது சொல்வதில்லை.) கண்காட்சியில் கதிர்பாத்திரத்தின் அருகே அதை ஐம்பது வருடம் துலக்கியவரை நிறுத்துங்கள். அவர் சொல்வதை முதலில் ஒலிப்பதிவு செய்துகொண்டு, மலருக்கான விளம்பரம் திரட்டுவதைப் பிறகு பாருங்கள்.

திருமுழுக்குப் பதிவேடுகளைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் உங்கள் திட்டத்திலேயே மதிப்பு மிக்கதும் ஆபத்து மிக்கதும் அவைதான். திரெந்து நகரில் கூடிய ஆயர்களின் பொதுச்சங்கம் 1563-இல் ஒவ்வொரு பங்குக் குருவும் திருமணப் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்று விதித்தது. திருமுழுக்கின்போது ஞானப்பெற்றோரின் பெயர்களை எழுதச் சொன்னதும் அதே சங்கம்தான். 1614-இல் வெளியான உரோமைச் சடங்கு நூல் திருமுழுக்கு, உறுதிபூசுதல், திருமணம், இறப்பு, குடும்ப நிலவரம் என ஐந்து ஏடுகளை வகுத்துக் கொடுத்தது. இன்றைய திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535-ஆம் எண் இந்த மரபைத் தொடர்கிறது. திருமுழுக்குப் பதிவின் ஓரத்திலேயே அந்த ஆளின் உறுதிபூசுதல், திருமணம், குருப்பட்டம் அல்லது நித்திய வார்த்தைப்பாடு (துறவியரின் வாழ்நாள் வாக்குறுதி) ஆகியவையும் குறிக்கப்பட வேண்டும் என்பது விதி. இதனால்தான் வேறு ஊரில் திருமணம் செய்கிறவர்கூட திருமுழுக்குப் பெற்ற பங்கிலிருந்து அதற்கான சான்று வாங்கி வர வேண்டியிருக்கிறது. திருமணம் முடிந்ததும் அங்கிருந்து இங்கே தகவல் வந்து, பழைய வரியின் ஓரத்தில் புதிய மையில் ஏறுகிறது. ஒரே வரியில் ஒரு குழந்தையின் பெயர் ஒரு குருவின் கையெழுத்திலும், இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அதன் திருமணம் இன்னொருவரின் கையெழுத்திலும் இருப்பதை உங்கள் பங்கு இளைஞர்களில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? இதைக் காட்டினால் கூட்டம் நகராமல் நிற்கும்.

ஆனால் மூல ஏட்டை மேசையில் விரித்து வைக்காதீர்கள். வியர்வைக் கைகளும் குழல்விளக்கு வெளிச்சமும் பழைய தாளுக்கு ஆகாது என்பது ஒரு காரணம். தகப்பன் பெயர் இல்லாத பதிவுகளும், சாதி குறிக்கப்பட்ட பதிவுகளும், வழியில் கைவிடப்பட்டுக் கண்டெடுத்த குழந்தைகளின் பதிவுகளும் பழைய ஏடுகளில் உண்டு என்பதும் அவற்றின் பேரப்பிள்ளைகள் அந்தக் கூட்டத்திலேயே நிற்கக்கூடும் என்பதும் அதைவிடப் பெரிய காரணம். முழு ஏட்டையும் ஒளிப்படமெடுத்து ஆயர் இல்லத்துக்கு ஒரு படி கொடுத்துவிட்டு, எவரையும் சங்கடப்படுத்தாத இரண்டு மூன்று பக்கங்களின் நகலை மட்டும் பெரிதாக்கி மாட்டுங்கள். ஆவணங்களைக் காப்பது மேய்ப்புப் பணியின் ஒரு பகுதி என்று வத்திக்கானே 1997-இல் ஆயர்களுக்குச் சுற்றுமடல் அனுப்பியிருக்கிறது. பங்குத்தந்தை தயங்கினால் அதைக் காட்டலாம்.

சாதி என்றதும், உங்கள் மலரில் அந்தப் பக்கம் இருக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது. திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தின் வரலாறு உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1872-இல் எழுந்த அந்தக் கோவிலில் இரண்டு கூடங்கள் கோணமாகப் பிரிந்து போய்ப் பீடத்தருகே மட்டும் சேர்ந்தன. ஒரே பூசையை உயர்சாதி எனப்பட்டவர்களும் மற்றவர்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கண்டுகொள்ளலாம். 1910-இல் அங்கே பங்குக் குருவாக இருந்த கௌசானல் அடிகளார் அந்தப் பிரிவினைத் தடுப்பை அகற்றினார். தங்கள் தனியிடத்தைத் திரும்பத் தரக் கோரிப் பிள்ளைமாரும் முதலியாரும் தொடுத்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று தோற்றது. இதே வடக்கன்குளத்தில்தான் 1745-இல் திருவிதாங்கூர் அரசு அலுவலரான தேவசகாயம் திருமுழுக்குப் பெற்றார். எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகியதும் அவர்மேல் அரசவைக்கு வந்த சினத்துக்கு ஒரு காரணம். 1752-இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-இல் அவர் புனிதராக அறிவிக்கப்படுவதற்கு முன், பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தைத் திருச்சபை நீக்கியது. ஓர் ஊரின் பாரம்பரியம் என்று சொன்னால் திருமுழுக்குத் தொட்டியும் அந்தத் தடுப்பும் இரண்டும்தான். கல்லறைத் தோட்டத்துக்குள் சுவர் நிற்கும் ஊர்கள் இன்றும் தமிழகத்தில் இருக்கின்றன. உங்கள் பங்கில் தேர் எந்தத் தெருவுக்குள் நுழையாமல் திரும்பியது, எப்போது முதல் நுழைந்தது என்பது முதியவர்களுக்குத் தெரியும். எழுதி வையுங்கள். எதிர்ப்பு வரும், அதையும் எதிர்பார்த்தே எழுதுங்கள்.

இனி இடிப்பது பற்றி. இடம் போதவில்லை என்பது உண்மையான தேவை, அதைப் பழமைப் பற்றால் மறுக்கக்கூடாது. கூடுதல் பூசை வைப்பதோ வெளியே நிழற்கூடம் அமைப்பதோ முடியுமா என்று பார்த்த பிறகு பேச வேண்டிய பேச்சு அது. நான் அதைவிட அஞ்சுவது விழாவை முன்னிட்டு நடக்கப்போகும் புதுப்பித்தலைத்தான். சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிப் பூச்சின் வழியே வெளியேற்றிவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசி ரசாயனப் பெயிண்டும் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கி, இன்னும் உயரமாக ஏறி, உப்புப் பூத்துப் பொரிந்து உதிரும்; சுவர் பழசாகிவிட்டது, இடிக்க வேண்டியதுதான் என்று அடுத்த பேரவை முடிவெடுக்கும். தரைக்கு டைல்ஸ் ஒட்டினாலும் இதே கதி, ஏனென்றால் தரை வழியே ஆவியாகப் போகவேண்டிய ஈரமும் சுவருக்குத் திரும்பும். டைல்ஸுக்கு அடியில் புதைந்துபோன கல்லறைக் கல்வெட்டுகள் வேறு கதை. கடுக்காய் ஊறவைத்த நீரும் கருப்பட்டியும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள், செட்டிநாட்டு வீடுகளைப் பழுதுபார்ப்பவர்களிடம் விசாரித்தால் கிடைப்பார்கள். மதிப்புள்ள திருப்பொருள்கள் கைமாறிப்போகாமலும் சிதறிப்போகாமலும் ஆயர்கள் கவனிக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டிலேயே இருக்கிறது. வழிபாட்டைப் புதுப்பித்த அந்தச் சங்கத்தின் பெயரைச் சொல்லிப் பழைய மரப் பீடங்களைப் பெயர்த்து விற்றவர்கள் அந்தப் பத்தியைப் படிக்கவில்லை போலும்.

ஏழைகளுக்குக் கொடுக்கலாம் என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது வாணவேடிக்கையும் சீரியல் விளக்குகளும் பேசப்படும் கூட்டத்தில் எழுவதில்லை, ஏட்டுக்கு அட்டை போட வேண்டும் என்னும்போது மட்டும் எழுகிறது. நான் மேலே சொன்ன எதற்கும் பெரிய செலவில்லை. ஒரு வருட வாணவேடிக்கையைக் குறைத்தால் விழாவும் நடக்கும், படிப்புக்கும் பணம் மிஞ்சும்.

கடைசித் திருவிழா நாளில் எதையும் வைக்காதீர்கள். அன்று ஒருவருக்கும் நிற்க நேரமிராது. கொடியேற்றத்துக்கு மறுநாள் முதல் ஒவ்வொரு நவநாள் மாலையும் ஓர் அன்பியம் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்களின் குழு) ஒரு பொருளையும் அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஒருவரையும் மக்கள் முன் கொண்டுவரட்டும், பத்து நிமிடம் போதும். அழைப்புக்கு நன்றி, அவசியம் வருகிறேன். சிறப்புரை என்று அழைப்பிதழில் போட்டிருக்கும் அரை மணி நேரத்தை மணியடித்தவருக்கோ பழைய உபதேசியார் (மறைக்கல்வி கற்பித்தவர்) குடும்பத்தில் ஒருவருக்கோ கொடுத்துவிடுங்கள். கேட்பவர்களோடு நானும் உட்கார்ந்துகொள்கிறேன். சிமெண்ட் பூச்சுக்கு ஒப்பந்தம் போட்டாகிவிட்டதா என்பதை மட்டும் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள்.