முதல் சுற்றோடு திரும்பும் பஸ்

விளையாட்டுக் கேள்வி-பதில். பதில் எழுதுபவர், பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக முப்பத்தோரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போது மண்டபத்தில் வசிப்பவர்.

கேள்வி: மேடம், நான் வரலாறு இரண்டாமாண்டு படிக்கிறேன். கல்லூரிக் கூடைப்பந்து அணியின் கேப்டன். இந்த ஆண்டு ஆறு போட்டிகளுக்குப் போனோம். ஆறிலும் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். கடைசியாகக் காரைக்குடியில் 52-19. அன்று விடியுமுன் பஸ் ஏறிப் போய், பத்து மணிக்கு இறங்கி ஆடினோம். பத்துப் பேராக இருந்த அணி இப்போது ஏழு பேர். அதிலும் இரண்டு பேர் மாதத்தில் பல நாள் அம்மாவோடு கடற்பாசி எடுக்கப் போய்விடுகிறார்கள். அடுத்த ஆண்டு அணியே வேண்டாம் என்று கல்லூரியில் பேச்சு அடிபடுகிறது. ஸ்கோர் ஷீட்டைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். எங்கே தவறுகிறோம்?
- ஒரு கேப்டன், உச்சிப்புளி

பதில்: மகளே, உன் கடிதத்தை ஒருமுறை படித்தேன். ஸ்கோர் ஷீட்டை நாலைந்து முறை படித்தேன். கல்லூரியில் எல்லாரும் 52-19 என்ற கடைசி வரியைத்தான் பார்த்திருப்பார்கள். அதற்கு மேலே உள்ளவற்றை நீயாவது பார்த்தாயா? முதல் பத்து நிமிடம் 10-8. அடுத்தது 11-6. மூன்றாவது 15-3. நான்காவது 16-2. முதல் பத்து நிமிடத்தில் அவர்களுக்கும் உங்களுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு கூடை! ஆடத் தெரியாத பெண்களால் அது முடியாது. அந்த எட்டைப் பார்த்ததும் எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

பிறகு என்ன ஆயிற்று என்பதும் அதே தாளில் இருக்கிறது. 9-ஆம் எண் பெண்ணுக்கு மூன்றாவது கால் பகுதியில் ஐந்தாவது ஃபவுல். வெளியே போய்விட்டாள். 12-ஆம் எண்ணும் நான்காவதின் தொடக்கத்தில் அப்படியே. ஏழு பேராகப் போன அணியில் மீதி ஐந்து பேர். மாற்றி இறக்க ஆளில்லை. கால் ஓய்ந்துவிட்டால் எதிராளியை ஓடி மறிக்க முடியாது, கையை நீட்டித் தடுக்கத்தான் தோன்றும். கை பட்டால் ஃபவுல். ஒரு கால் பகுதியில் அணியின் ஃபவுல் நான்கைத் தாண்டிவிட்டால் அதற்குமேல் ஒவ்வொன்றுக்கும் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. பின்பாதியில் விழுந்த 31 புள்ளிகளில் பாதி இந்த வழியாகத்தான் வந்திருக்கிறது. விடியுமுன் பஸ் ஏறி, வழியில் பன்னும் டீயும் சாப்பிட்டு, இறங்கிய கையோடு ஓடினால் யார் கால்தான் தாங்கும்?

இனி நான் எழுதுவதை உங்கள் முதல்வரிடமும் காட்டு. ஆறு போட்டி என்கிறாய். எல்லாமே ஒருமுறை தோற்றால் வெளியேற வேண்டிய நாக் அவுட். ஆகவே நீங்கள் ஆடியது ஆறே ஆட்டம். ஆட்டத்துக்கு 40 நிமிடம் என்றால் மொத்தம் 240 நிமிடம். ஓர் ஆண்டு முழுவதற்கும் நான்கு மணி நேரம்! அதே போட்டிகளில் கடைசிவரை நின்ற அணிக்கு மூன்று, நான்கு ஆட்டம் வீதம் இருபது ஆட்டமாவது கிடைத்திருக்கும். நன்றாக ஆடுகிறவர்கள் மேலும் ஆடுகிறார்கள். ஆடிப் பழக வேண்டியவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார்கள். இத்தனை ஆண்டுகளாக இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது. உங்களிடம் குறைவாக இருப்பது திறமையும் அல்ல, துணிச்சலும் அல்ல. ஆட்டம்தான் குறைவு.

கலிஃபோர்னியாவில் கால்டெக் என்ற பெரிய அறிவியல் கல்வி நிறுவனம் இருக்கிறது. அதன் ஆண்கள் கூடைப்பந்து அணி தன் லீக்கில் தொடர்ந்து 310 ஆட்டங்கள் தோற்றது. 1985-இல் தொடங்கிய தோல்வி 2011 பிப்ரவரியில்தான், 46-45 என்று ஒற்றைப் புள்ளி வித்தியாசத்தில் முடிவுக்கு வந்தது. இதைக் கேட்கிறவர்கள் தோல்வியின் எண்ணிக்கையைத்தான் சொல்லி வியக்கிறார்கள். 310 முறை தோற்க வேண்டுமானால் 310 முறை ஆட விட்டிருக்க வேண்டும் அல்லவா? எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

பெண்கள் ஆட்டத்திலும் ஒன்று சொல்கிறேன். 2016 மார்ச்சில் அமெரிக்கக் கல்லூரிப் போட்டியில் மிசிசிப்பி ஸ்டேட் அணி கனெக்டிகட் அணியிடம் 98-38 என்று தோற்றது. 60 புள்ளி! உங்கள் 33-ஐவிட எவ்வளவு அதிகம் பார். மறு ஆண்டு மார்ச் 31 அன்று அதே இரண்டு அணிகளும் மீண்டும் மோதின. கனெக்டிகட் அப்போது 111 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றிருந்தது. கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில் மோர்கன் வில்லியம் என்ற ஐந்தடி ஐந்தங்குலப் பெண் போட்ட கூடையால் மிசிசிப்பி ஸ்டேட் 66-64 என்று வென்றது. இடையில் இருந்தது ஒரே ஆண்டு. ஆனால் அந்த ஓராண்டில் அவர்கள் முப்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியிருந்தார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டில் என் அணியும் உங்களைப் போலத்தான் இருந்தது. அலுவலகத்தில் ஒருவர், "தோற்றுவிட்டு வருவதற்குப் பயணப்படி எதற்கு?" என்று மாணவிகள் முன்னாலேயே கேட்டார். அன்று இரவு நான் தூங்கவில்லை. மறுநாள் அவரிடமே போய், "அந்தப் பணத்தை அப்படியே என்னிடம் கொடுங்கள். நாங்கள் வெளியூர் போகவில்லை, சனிக்கிழமைதோறும் அணிகளை இங்கே வரவழைக்கிறேன்" என்றேன். வருகிறவர்களுக்குப் பஸ் கட்டணம், எலுமிச்சைச் சாதம், ஒரு முட்டை. இரண்டு மேல்நிலைப்பள்ளி அணிகள் வந்தன. ஒரு கல்லூரி வந்தது. எங்கள் பழைய மாணவிகளே ஓர் அணியாக வந்தார்கள். ஒருத்தி கைக்குழந்தையை என் மடியில் படுக்க வைத்துவிட்டு ஆடினாள். அந்த ஆண்டு 22 ஆட்டம் ஆடினோம். 15 தோல்வி. ஆண்டுக் கடைசியில் ஒரே ஒரு வெளியூர்ப் போட்டிக்குப் போய், இரண்டாம் சுற்றில் தோற்றோம். மாலை வெயிலில் ஊர் திரும்பிய அந்த பஸ்ஸில் என் பிள்ளைகள் பாடிக்கொண்டே வந்தார்கள்.

நீயும் இதைச் செய்யலாம். ராமநாதபுரம், மண்டபம், கீழக்கரை எல்லாமே உங்களுக்குப் பக்கம். சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கில் மாவட்ட விளையாட்டு அலுவலரைப் பார்த்து, எந்தெந்தப் பள்ளியில் பெண்கள் அணி இருக்கிறது என்று கேள். பள்ளிப் பிள்ளைகளோடு ஆடுவது கல்லூரிக்குக் கௌரவக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே.

பாசிக்குப் போகும் இருவரையும் கடிந்துகொள்ளாதே. பாசி எடுக்கும் பெண்கள் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி, மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் கடலில் இறங்குவது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். அது நாள்காட்டியிலேயே தெரிகிற கணக்கு. உங்கள் சனிக்கிழமைகளை அதைப் பார்த்துக் குறித்துக்கொள். மூச்சடக்கி முங்கி எழுகிற பெண்ணுக்கு நான்காவது கால் பகுதியில் இருக்கும் மூச்சு மற்றவர்களுக்கு வராது. அவளை அணியிலிருந்து நழுவவிட்டால் நஷ்டம் உனக்குத்தான்.

இன்னும் ஒன்று. அன்று உங்களுக்குக் கிடைத்த ஃப்ரீ த்ரோ 14, விழுந்தது 3. போர்டிலிருந்து 4.6 மீட்டர். எதிரில் யாரும் கை தூக்க முடியாது. பயிற்சி முடிந்து கால் துவண்டிருக்கும் நேரத்தில் ஆளுக்கு இருபது போடுங்கள். எத்தனை விழுந்தது என்று நோட்டில் எழுதுங்கள். களைப்பில் எறிந்து பழகினால்தான் களைப்பில் விழும். ஏழு பேரை வைத்துக்கொண்டு மைதானம் முழுக்கத் துரத்தி ஆடாதீர்கள். பின்னால் வந்து, முன்னே இருவர் பின்னே மூவராக அவரவர் இடத்தைக் காக்கும் 2-3 ஜோன் கட்டி நில்லுங்கள். பந்து கைக்கு வந்தால் 24 நொடி உங்களுடையது, அவசரம் வேண்டாம். வெளியூர் ஆட்டம் என்றால் முந்தின நாள் மாலையே போய்த் தங்க அனுமதி கேளுங்கள். இதற்காகக் கல்லூரிக்கு நான் கடிதம் எழுத வேண்டுமென்றால் எழுதுகிறேன்.

கேள்வி: மகள் கல்லூரி அணியில் சேர ஆசைப்படுகிறாள். தலையை மூடிக்கொண்டு ஆடினால் நடுவர் நிறுத்திவிடுவார் என்கிறார்களே?
- ஒரு தாய், கீழக்கரை

பதில்: நிறுத்தக் கூடாது, சகோதரி. முன்பு சர்வதேச விதியில் தடை இருந்தது உண்மைதான். 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் கத்தார் பெண்கள் அணி தலைத்துணியைக் கழற்ற மறுத்து, ஆடாமலே திரும்பியது. அந்தச் செய்தியைப் படித்த அன்று என்னால் தாங்க முடியவில்லை. 2017-இல் சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம் விதியை மாற்றியது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் தடை இல்லை. நிறம் கறுப்பாகவோ வெள்ளையாகவோ ஜெர்சியின் நிறமாகவோ இருக்க வேண்டும். முகம் மறையக் கூடாது. கழுத்தருகே ஊசி, கொக்கி கூடாது. துணி தொங்கவும் கூடாது. ஆகவே ஊசி குத்திய முக்காடு வேண்டாம். தலைவழியாக மாட்டிக்கொள்ளும் மாதிரி, இழுபடும் துணியில் தைத்துக் கொடுங்கள். விதியின் நகல் ஒன்றை மகளின் பையில் வைத்தும் அனுப்புங்கள். எங்கள் பக்கத்து நடுவர்கள் சிலருக்கு இது இன்னும் தெரியாது.

கேள்வி: எங்கள் ஆடுகளம் கடலை ஒட்டியிருக்கிறது. வளையம் துருப்பிடிக்கிறது, தோல் பந்து ஆறு மாதம்கூட வருவதில்லை. காற்று நாளில் பந்து எங்கோ போகிறது. என்ன செய்வது?
- உடற்கல்வி ஆசிரியை, தொண்டி

பதில்: திறந்தவெளி சிமென்ட் தரைக்கு ரப்பர் பந்தே போதும், தோல் பந்தை உள்ளரங்கு ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு 6-ஆம் எண் பந்து, சுற்றளவு 28.5 அங்குலம். பையன்கள் ஆடித் தேய்ந்த 7-ஆம் எண் பந்தைப் பெண்களிடம் தள்ளிவிடுகிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். வளையத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள் என்று குடிநீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் மாவட்டத்தில் நான் சொல்ல மாட்டேன். ஈரத்துணியால் உப்பைத் துடைத்து எண்ணெய் தடவினால் போதும். உங்கள் பக்கம் வாடை, எங்கள் பக்கம் கச்சான். எந்தக் காற்றானாலும் அன்று தூரத்திலிருந்து எறிய வேண்டாம். உள்ளே புகுந்து, போர்டில் அடித்துப் போடச் சொல்லுங்கள். பாஸைத் தரையில் தட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள். காற்று நாளில் பழகிய பிள்ளைக்கு மற்ற மைதானம் எல்லாம் எளிதாக இருக்கும்.

கேள்வி: அம்மா, நான் விசைப்படகில் போகிறவன். மகள் மூன்றாமாண்டு படிக்கிறாள். கூடைப்பந்து, கூடைப்பந்து என்று இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வருகிறாள். போகிற இடமெல்லாம் தோற்றுத்தான் வருகிறார்களாம். நிறுத்தச் சொல்லலாமா? விளையாட்டால் வேலை கிடைக்குமா?
- ஒரு தகப்பன், பாம்பன்

பதில்: அண்ணே, வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் விளையாட்டு வீரர்களுக்கு அரசுப் பணியில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் அது பெரிய போட்டிகளில் பதக்கம் வாங்கியவர்களுக்கு. உங்கள் மகளுக்குக் கிடைக்கும் என்று ஆசை காட்ட எனக்கு மனம் வரவில்லை. சென்னைப் பெண் அனிதா பால்துரை பதினெட்டு ஆண்டு இந்திய அணியில் ஆடி, 2021-இல் பத்மஸ்ரீ வாங்கினார். அந்த இடத்துக்கு ஒருத்திதான் போவாள்.

ஆனாலும் நிறுத்தாதீர்கள். தோற்றுவிட்டு வந்தும் மறுநாள் பயிற்சிக்குப் போகிறாள் என்றால் அவளுக்கு இந்த ஆட்டத்தின் மேல் இருப்பது வெறும் பொழுதுபோக்கு ஆசை இல்லை. 1891-இல் கூடைப்பந்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித் பிறகு கான்சாஸ் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. கடலில் இறங்கும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. வெறும் வலையோடு எத்தனை முறை திரும்பியிருப்பீர்கள். கடலுக்குப் போக அடுத்த அனுமதி டோக்கன் வாங்காமலா இருந்தீர்கள்? இருட்டில் வருவதுதான் கவலை என்றால் அது நியாயமான கவலை. பயிற்சியை அரை மணி முன்னால் முடிக்கச் சொல்லிக் கல்லூரியில் கேளுங்கள், கட்டாயம் செய்வார்கள்.

அவள் ஆடி நீங்கள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்று உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது தோன்றியது. கடலுக்குப் போகாத நாளில் ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்கள். பெரும்பாலான கல்லூரிகளில் வளையம் மொட்டையாகத்தான் தொங்குகிறது, பந்து விழுந்ததா இல்லையா என்று சண்டை வரும். ஒரு வலை பின்னி எடுத்துப் போங்கள். வளையத்தில் பன்னிரண்டு கொக்கி இருக்கும், உள்விட்டம் 45 சென்டிமீட்டர். வலை 40-லிருந்து 45 சென்டிமீட்டர் நீளம் இருக்கட்டும். வெள்ளைக் கயிறு, தடிமனாக. அடிப்பக்கம் குறுகலாக வர வேண்டும்; உள்ளே வந்த பந்து ஒரு கணம் தங்கி, பிறகு விழ வேண்டும்.