ஒரே லோடு, மூன்று டோக்கன்

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கிறோம். விவசாயிகள் செல்போனிலேயே லோடு பதிந்து டோக்கன் எடுக்க, பிஎச்பி, மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் வைத்துச் சின்னதாக ஒரு வெப்சைட் செய்தேன். சிக்னல் சரியில்லாத தோட்டங்களிலிருந்து ஒரே லோடு இரண்டு மூன்று தடவை பதிவாகிறது. 'அனுப்பு' பட்டனை ஒரு தடவை அழுத்தியதும் முடக்கிப் பார்த்தேன். குறைந்ததே தவிர நிற்கவில்லை. வேறு என்ன செய்யலாம்?

பதில்: பட்டனை முடக்கியது நல்லதுதான், அப்படியே இருக்கட்டும். ஆனால் அவசரத்தில் இரண்டு தடவை தட்டுவதை மட்டும்தான் அது தடுக்கும். உங்களிடம் நடப்பது வேறு. விவரம் சர்வருக்கு வந்து பதிவும் ஆகிவிடுகிறது, 'பதிவாகிவிட்டது' என்ற பதில் திரும்பிப் போகும் வழியில் சிக்னல் அறுந்துவிடுகிறது, தோட்டத்தில் நிற்பவருக்கு அது எப்படித் தெரியும், ரீஃப்ரெஷ் செய்து மறுபடி அனுப்புகிறார். அவர் மேல் தப்பே இல்லை. தடுக்க வேண்டிய இடம் டேட்டாபேஸ்.

படிவத்தைத் திறக்கும்போதே சர்வர் புதிதாக ஒரு யூயூஐடி (ஒவ்வொரு தடவையும் வேறாக வரும் அடையாள எண்) போட்டு, அதைக் கண்ணுக்குத் தெரியாத ஃபீல்டாகப் படிவத்தில் வைக்கட்டும். லோடு டேபிளில் அதையும் சேமித்து, அதன் மேல் யுனிக் இண்டெக்ஸ் (ஒரே மதிப்பை இரண்டாவது தடவை ஏற்காத கட்டுப்பாடு) போடுங்கள். அதே எண் மறுபடி வந்தால் மைஎஸ்கியூஎல் 1062 என்ற பிழையைத் தரும். அந்தப் பிழையை விவசாயிக்குக் காட்டாதீர்கள், காட்டினால் பயந்துபோய் புதுப் படிவம் திறந்து இன்னொன்று போடுவார். முதலில் கொடுத்த டோக்கனையே காட்டுங்கள். 'ஏற்கெனவே இருக்கிறதா' என்று செலக்ட் போட்டுத் தேடிப் பார்த்துவிட்டு இன்சர்ட் (புதுப் பதிவு) செய்வதும் போதாது. ஒரே நொடியில் வரும் இரண்டு கோரிக்கைகளும் 'இல்லை' என்றே பார்க்கும், இரண்டும் உள்ளே போய்விடும். நேராக இன்சர்ட் செய்து பிழையைப் பிடியுங்கள்.

போன் நம்பரையும் தேதியையும் சேர்த்து யுனிக் ஆக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். காலையில் பெங்களூரா ரகம் கொண்டுவந்தவர் சாயங்காலம் செந்தூரா கொண்டுவருவார், அது நிஜமான இரண்டாவது லோடு, அதை மறித்தால் அவருக்குத்தான் நஷ்டம்.

பதிந்ததும் 303 (வேறு பக்கத்துக்குப் போகச் சொல்லும் சர்வர் பதில்) கொடுத்து டோக்கன் பக்கத்துக்கு அனுப்பிவிடுங்கள். அங்கே எத்தனை தடவை ரீஃப்ரெஷ் செய்தாலும் எதுவும் மறுபடி பதிவாகாது. அப்புறம், சிலர் பேக் பட்டனில் பழைய படிவத்துக்கே வந்து ரகத்தை மட்டும் மாற்றி அனுப்புவார்கள். எண் அதே, விவரம் வேறு. அப்போது பழைய டோக்கனைக் கொடுத்தால் புது லோடு காணாமல் போய்விடும். 'இது வேறு லோடா?' என்று கேளுங்கள். பக்கத்தை மூடிவிட்டுப் புதிதாகத் திறப்பவருக்கு எண்ணும் புதிது என்பதால், அதே போன் நம்பர், அதே ரகம், பத்து நிமிடத்துக்குள் வந்தால் அங்கேயும் இதே கேள்வி போதும்.

பழைய பதிவுகளில் இந்த எண்ணை நல் (NULL, அதாவது மதிப்பே இல்லாதது) ஆகவே விடுங்கள், யுனிக் இண்டெக்ஸ் எத்தனை நல் இருந்தாலும் ஏற்கும். வெற்று எழுத்தாக நிரப்பினால் எல்லாம் ஒரே மதிப்பாகிவிடும், இண்டெக்ஸே போட முடியாது.