போட்ட முதல் வரட்டும் என்று காத்திருக்கலாமா?

கேள்வி: ஒரு நிறுவனத்தின் 200 பங்குகளை 500 ரூபாய் வீதம் வாங்கினேன். இப்போது விலை 300. கூடவே வாங்கிய வேறொரு பங்கு கொஞ்சம் ஏறியதுமே விற்று லாபம் பார்த்துவிட்டேன். இதை விற்க மட்டும் மனம் வரவில்லை. போட்ட முதல் வந்ததும் வெளியேறலாம் என்றிருக்கிறேன். சரிதானா?

பதில்: கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். 500 ரூபாய் 300 ஆனது 40 சதவீத இறக்கம். 300 மறுபடியும் 500 ஆக ஏறத்தாழ 67 சதவீதம் ஏற வேண்டும்.

அந்த 500 உங்களுக்கு மட்டுமே முக்கியமான எண். நிறுவனத்தின் விற்பனைக்கும் கடனுக்கும் அதோடு தொடர்பே இல்லை. விற்காதவரை நட்டம் ஏட்டில்தான் இருக்கிறது என்று தோன்றும்; விற்றால் தவறை ஒப்புக்கொண்டதாகிவிடும். லாபத்தில் விற்பதோ கெட்டிக்காரத்தனமாகத் தெரியும். வீட்டில் சொல்லிக்கொள்ளவும் வசதி! இழப்பின் வலி, அதே அளவு லாபத்தின் மகிழ்ச்சியைவிடப் பெரிது என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதினார்கள்.

அமெரிக்கத் தரகு நிறுவனம் ஒன்றின் 10,000 கணக்குகளை ஆராய்ந்த டெரன்ஸ் ஓடீன், 1998-இல் முடிவுகளை வெளியிட்டார். மக்கள் ஏறியதை விற்று, இறங்கியதை வைத்துக்கொண்டிருந்தார்கள். விற்ற பங்குகளோ அடுத்த ஓராண்டில், வைத்திருந்தவற்றைவிடச் சராசரியாக 3.4 சதவீதப் புள்ளிகள் அதிக ஆதாயம் தந்தன. டிசம்பரில் மட்டும் பழக்கம் மாறியது. அங்கே வரி ஆண்டு முடியும் மாதம் அது. நட்டத்துக்கு ‘வரிச் சேமிப்பு’ என்று கௌரவமான பெயர் கிடைத்ததும் விற்கக் கை கூசவில்லை.

உங்கள் கையில் பங்குகளுக்குப் பதிலாக 60,000 ரூபாய் ரொக்கம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இன்று இதே பங்கை 300-க்கு வாங்குவீர்களா? வாங்குவேன் என்றால், காலாண்டு முடிவுகளைப் பார்த்துக் காரணத்தை எழுதிவைத்து, வைத்திருங்கள். விலை இறங்கிய எல்லாப் பங்கும் சொத்தையல்ல. மாட்டேன் என்றால் விற்றுவிடுங்கள். வாங்கிய விலையின் சராசரியைக் குறைக்கிறேன் என்று மேலும் வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

விற்பதென்றால் நம் நாட்டு வரிக் கணக்கையும் பாருங்கள். வாங்கிய 12 மாதத்துக்குள் விற்றால் அது குறுகிய கால நட்டம். அதே நிதியாண்டின் எந்த மூலதன ஆதாயத்திலும் கழிக்கலாம், அந்த இன்னொரு பங்கின் லாபம் உட்பட. அதற்குமேல் வைத்திருந்து விற்றால் நீண்ட கால ஆதாயத்தில் மட்டுமே கழிக்க முடியும். கழித்தது போக மிஞ்சும் நட்டத்தை 8 ஆண்டுகள் கொண்டுசெல்லலாம். ஆனால் வருமான வரிக் கணக்கைக் கெடுவுக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும்.