லாங்ஆர்மில் கஸ்டம் குவில்ட்டிங்: டிசைனுக்கு முன்னால் தைக்கும் வரிசை

கேள்வி: ஒரு வருடமாக லாங்ஆர்மில் (ஃபிரேமில் விரித்த குவில்ட்டின் மேல் நகர்த்தித் தைக்கும் மெஷின்) பேன்டோகிராஃப் (திரும்பத் திரும்ப வரும் டிசைன் வரைந்த தாள்) வைத்து, குவில்ட் (மேல்துணி, நடுவில் பேட்டிங் என்னும் பஞ்சடுக்கு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும் போர்வை) முழுக்க ஒரே டிசைன் தைத்து வருகிறேன். அது நன்றாகவே வருகிறது. இப்போது ஒரு சாம்ப்ளர் குவில்ட், ஒவ்வொரு பிளாக்கும் (துணிகளை இணைத்துச் செய்த சதுரம்) வேறு வேறு. 12 அங்குல பிளாக் 20, நான்கு பத்தி ஐந்து வரிசை, பிளாக்குகளுக்கு நடுவில் 2 அங்குல சாஷிங் (பிரிக்கும் துணிப் பட்டை), சுற்றிலும் 6 அங்குல பார்டர். ஒவ்வொரு பிளாக்குக்கும் தனி டிசைன் போட ஆசைப்பட்டு மேலிருந்து தொடங்கினேன். மூன்றாவது வரிசைக்கு வந்தபோது சாஷிங் வில்லாக வளைந்துவிட்டது, பார்டர் அலை அலையாக நிற்கிறது. வரையவும் எனக்குப் பெரிதாக வராது. எப்படித் திட்டமிடுவது?

பதில்: வளைவு உங்கள் கண்ணில் பட்டது மூன்றாவது வரிசையில், ஆனால் அது முதல் பிளாக்கிலேயே தொடங்கிவிட்டது. ஒவ்வொரு தையலும் துணியைக் கொஞ்சம் உள்ளே இழுக்கும். நெருக்கமாகத் தைத்த இடம் அதிகமாகச் சுருங்கும், தளர்வாகத் தைத்த இடம் அப்படியே இருக்கும். பேன்டோகிராஃபில் குவில்ட் முழுக்க ஒரே அடர்த்தி என்பதால் இழுப்பும் எங்கும் சமமாக இருந்தது, அதனால்தான் ஒரு வருடமாக உங்களுக்கு இந்தத் தொல்லை தெரியவில்லை. கஸ்டமில், அதாவது இடத்துக்கு இடம் தனி டிசைன் போடும்போது, அந்தச் சமநிலையை நீங்களேதான் உண்டாக்க வேண்டும். ஆகவே என்ன டிசைன் என்று யோசிப்பதற்கு முன்னால் எதை முதலில் தைப்பது, எது எவ்வளவு நெருக்கம் என்ற இரண்டையும் முடிவு செய்துவிடுங்கள்.

முதல் சுற்றில் டிசைனே வேண்டாம். சாஷிங்கின் இரு பக்கமும், பார்டர் தொடங்கும் கோட்டிலும், இரண்டு துணிகள் இணையும் மூட்டின் பள்ளத்திலேயே தைத்துக்கொண்டு குவில்ட்டின் மேலிருந்து கீழ்வரை போய்விடுங்கள். இதற்கு மிக மெல்லிய நூல் போதும், 100 எண் நூலோ கண்ணுக்குத் தெரியாத மோனோஃபிலமென்ட் (ஒற்றை இழை) நூலோ சரியாக இருக்கும் (நூலின் எண் கூடக் கூட நூல் மெலியும்). மூட்டின் துணி எந்தப் பக்கம் மடித்துத் தேய்க்கப்பட்டிருக்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் தாழ்வாக இருக்கும், ஊசி அங்கேதான் இறங்க வேண்டும். மூட்டை இரு பக்கமும் விரித்துத் தேய்த்திருந்தால் பள்ளத்தில் தைக்காதீர்கள். அங்கே துணியைப் பிடிக்காமல் இணைப்பு நூலின் மீதே ஊசி விழும், மூட்டு பலவீனமாகும். அந்த மாதிரி இடத்தில் கால் அங்குலம் தள்ளி ஒரு நேர்கோடு போட்டால் போதும்.

ருளர் (ஊசி ஓட வழிகாட்டும் தடித்த அளவுகோல்) வைத்துத் தைக்கும்போது அகலமான அடித்தட்டைக் கட்டாயம் மாட்டுங்கள், இல்லாவிட்டால் ருளருக்கு அடியில் தாங்கல் இருக்காது, சாய்ந்துவிடும். பொதுவாக ஹாப்பிங் ஃபுட்டின் (ஊசியைச் சுற்றித் துள்ளும் பாதம்) வெளிவிட்டம் அரை அங்குலம், அதனால் ருளரின் விளிம்பிலிருந்து தையல் கால் அங்குலம் தள்ளி விழும். பள்ளத்தில் தைக்க ருளரை மூட்டிலிருந்து அந்தக் கால் அங்குலம் விலக்கிப் பிடிக்க வேண்டும். இது கைக்குப் பழக ஒரு நாள் ஆகும், பழைய துணியில் பழகிக்கொள்ளுங்கள்.

அடுத்த பகுதிக்காகக் குவில்ட்டை ஒவ்வொரு முறை உருட்டும்போதும் மெஷினின் கிடைமட்டப் பூட்டை (ஊசியை நேர்கோட்டில் மட்டும் நகரவிடுவது) போட்டு, சாஷிங் கோட்டின் மேல் ஊசியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தைக்காமல் ஓட்டிப் பாருங்கள். ஊசி கோட்டை விட்டு விலகுகிறதா? அந்த இடத்திலேயே துணியை நகர்த்தி நேராக்குங்கள், அடுத்த வரிசையில் சரிசெய்யலாம் என்று விடவே கூடாது. பார்டர் அலை அடிப்பதற்கும் இதே மருந்துதான். குவில்ட்டை ஃபிரேமில் ஏற்றுவதற்கு முன்பே பார்டரையும் சேர்த்து, குவில்ட்டின் நடுவாக்கில் அகலத்தையும் நீளத்தையும் அளந்து எழுதி வையுங்கள். உங்கள் கணக்குப்படி 66க்கு 80 அங்குலம் வர வேண்டும். பார்டர் அதைவிட நீண்டிருந்தால், அந்த அளவுக்குள் குண்டூசியால் சமமாகப் பங்கிட்டு அடக்கி, ஓரத்தை நீளத் தையலில் பிடித்துக்கொண்டே போங்கள். அடித்துணியும் பேட்டிங்கும் நான்கு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக, அதாவது 74க்கு 88 இருக்க வேண்டும், பக்கவாட்டுக் கிளிப்புகள் மெஷினில் இடிக்காமலிருக்க இந்த இடம் தேவை.

எவ்வளவு இறுக்கமாக ஏற்றுவது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மேளம் மாதிரி இறுக்கினால் கழற்றியதும் துணி சுருங்கி முடிச்சு முடிச்சாகத் தெரியும். அடியிலிருந்து ஒரு விரலால் மேலே தள்ளி, மேலே இன்னொரு கையால் அந்த விரல் நுனியைப் பிடிக்க முடிந்தால் சரி.

எலும்புக்கூடு மாதிரி இந்தப் பள்ளத் தையல் முழுக்க முடிந்ததும் குவில்ட்டைத் திரும்ப மேலே உருட்டி, அப்புறம் டிசைனுக்கு வாருங்கள். சதுரங்கள் எல்லாம் பூட்டப்பட்டிருப்பதால் ஒரு பிளாக்கின் இழுப்பு அடுத்ததற்குப் பெரிதாகப் பரவாது. ஆனாலும் அடர்த்தி சமமாக இல்லையென்றால் நெருக்கமான பிளாக் குழியும், தளர்வானது உப்பும். ஆரம்பத்தில் நானும் ஒரு நடு பிளாக்கில் மட்டும் கூழாங்கல் மாதிரி குட்டிக் குட்டி வட்டங்களை நெருக்கி நிரப்பினேன், 12 அங்குலம் பதினொன்றரையாகிவிட்டது. அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். நெருக்கமான நிரப்பு வேண்டுமென்றால் அதை எல்லா பிளாக்கிலும், பார்டரிலும்கூட, கிட்டத்தட்ட அதே பங்குக்குப் போடுவேன், இல்லையென்றால் எங்குமே போடமாட்டேன். பேட்டிங் பாக்கெட்டில் தையல்களுக்கு இடையே அதிகபட்சம் எத்தனை அங்குலம் விடலாம் என்று போட்டிருக்கும், தளர்வான இடங்கள் அதைத் தாண்டக் கூடாது.

வரைய வராது என்கிறீர்கள். அதைப் பற்றிக் கவலை வேண்டாம், பிளாக்கின் மூட்டுப் புள்ளிகளே உங்களுக்கு வரைபடம். ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு வளைவு ருளரால் மெல்லிய வில் ஒன்று, அங்கிருந்து அடுத்த மூலைக்கு இன்னொன்று என்று போய்க்கொண்டே இருந்தால் ஆரஞ்சுச் சுளை மாதிரி இதழ்கள் விழும், குறியே போட வேண்டாம். இருபது பிளாக்கிலும் இதையே வெவ்வேறு விதமாகப் போட்டாலும் அழகாகத்தான் இருக்கும். பூ அச்சிட்ட துணியில் எந்தத் தையலும் தெரியாது, அங்கே நேரத்தைச் செலவழிக்காதீர்கள். உழைப்பெல்லாம் ஒற்றை நிறத் துணிகளுக்கும், காலியான பின்னணிகளுக்கும் போகட்டும்.

திட்டத்தை முதலில் காகிதத்தில் பாருங்கள். குவில்ட்டைப் படமெடுத்து அச்சிட்டு, மேலே டிரேசிங் பேப்பர் வைத்துப் பென்சிலை எடுக்காமல் வரையுங்கள். எத்தனை இடத்தில் பென்சிலை எடுக்கிறீர்களோ அத்தனை இடத்தில் நூலை முடிந்து உள்ளே புதைக்க வேண்டியிருக்கும். பிளாக்குக்கு இரண்டு முறைக்கு மேல் பென்சில் எழுந்தால் டிசைனை மாற்றுங்கள், அல்லது ஏற்கெனவே தைத்த பள்ளத்தின் மேலேயே ஊசியை ஓட்டி அடுத்த இடத்துக்குப் போகும் வழியைத் தேடுங்கள், மெல்லிய நூலென்றால் அது தெரியாது. குவில்ட்டின் மேலேயே பார்க்க ஆசையென்றால் தடித்த தெளிவான பிளாஸ்டிக் ஷீட்டில் அழிக்கக்கூடிய மார்க்கரால் வரையலாம், ஆனால் ஷீட்டின் நான்கு ஓரத்திலும் பளிச்சென்ற டேப் ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் என்றாவது ஒரு நாள் மார்க்கர் துணிக்கு இறங்கிவிடும். கம்ப்யூட்டர் வைத்துத் தைப்பவர்களும் டிசைன் அளவைப் பேட்டர்னிலிருந்து எடுக்காமல், ஃபிரேமில் இருக்கும் பிளாக்கின் நான்கு மூலைகளையும் அளந்தே வைக்க வேண்டும், எந்த பிளாக்கும் சரியாக 12 இருப்பதில்லை.

இப்போது ஃபிரேமில் இருக்கும் குவில்ட்டை முழுக்கப் பிரிக்க வேண்டாம். மேற்கொண்டு டிசைன் தைக்காமல், மீதி சாஷிங்குகளையும் பார்டர் கோட்டையும் கீழ்வரை நேராக்கிப் பள்ளத் தையல் போட்டு முடியுங்கள். பிறகு மூன்றாவது வரிசைக்குத் திரும்பி, வளைந்த சாஷிங்கை ஒட்டியிருக்கும் நெருக்கமான தையலை மட்டும் ஒரு கை அகலத்துக்குப் பிரித்து, துணியைக் கையால் நீவி, சாஷிங்கை நேராகப் பூட்டிய பின் அந்த இடத்தைத் தளர்வாக நிரப்புங்கள். முதல் இரண்டு வரிசை அடர்த்தியாக இருந்தால் கீழ் வரிசைகளையும் அதே அளவுக்கு நெருக்குங்கள். குறி போட நீல நிற நீர்க்கரைப் பேனா பயன்படுத்தியிருந்தால், அந்தக் கோடுகள் குளிர்ந்த நீரில் முழுக்கப் போகும்வரை குவில்ட் பக்கம் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுபோகாதீர்கள், சூடு பட்டால் அந்த நீலம் நிலைத்துவிடும்.